வழியில் இருந்த விரல்கள்

தாட்சாயணியை நேர்காணலுக்கு அழைத்த அன்று டாக்டர் அருமைநாயகம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க யாருக்கெல்லாம் செய்ய மாட்டீங்க?" என்பதுதான்.

அவள் எதிர்பார்த்தது வேறு. எங்கே படித்தீர்கள், எத்தனை வருட அனுபவம் என்று கேட்பார்கள் என்று நினைத்து வந்திருந்தாள். பாளையங்கோட்டையில் அவள் நடத்திய ஷியாட்சு நிலையத்துக்கு வருகிறவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. ஷியாட்சு என்றால் ஜப்பானியர்களின் விரலழுத்த வைத்தியம். எண்ணெய் கிடையாது, உடையைக் களைய வேண்டியதில்லை. ஆளை மெத்தையில் படுக்கவைத்து, கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் தன் உடம்பின் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது.

"காய்ச்சல் அடிச்சா செய்ய மாட்டேன் சார்," என்றாள். "எலும்பு முறிஞ்சவங்க, ஆபரேஷன் ஆகி புண் ஆறாதவங்க, எலும்பு தேஞ்ச வயசாளிங்க, இவங்களுக்கெல்லாம் கிடையாது. மாசமா இருக்கவங்கன்னா சில எடத்துல கையே வைக்க மாட்டேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதவங்கன்னா அவங்க டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் தொடுவேன்."

"வேற?"

"ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா இருந்து, தொட்டா வலிக்குன்னா அந்தக் காலை அப்பிடியே விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். உள்ள நரம்புல ரத்தம் கட்டியிருக்கும். தெரியாம அமுக்குனா அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிரும்."

அருமைநாயகம் தலையசைத்தார். அவர் விண்வெளி நிலையத்தின் மருத்துவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கடலோரத்திலிருந்த அந்த நிலையத்திலிருந்து 'பொருநை' என்ற கப்பல் செவ்வாய்க்குப் புறப்படவிருந்தது. அதில் போகிற ஆறு பேரின் உடம்பும் அவர் பொறுப்பு.

"எடையில்லாம மிதக்கும்போது முதுகெலும்பு நீண்டுரும். எல்லாருக்கும் முதுகுவலி வரும்," என்றார் அவர். "அதை மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனா மாசக்கணக்கா யாரும் தொடாம இருக்கறது வேற மாதிரி வியாதி. முன்னாடி போயிட்டு வந்தவர் ஒருத்தர் என்கிட்ட சொன்னாரு, 'டாக்டர், கொஞ்ச நாளைக்கு அப்புறம் என் கையை நானே பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்'னு."

"அவங்க ஒருத்தருக்கொருத்தர் பிடிச்சு விடலாமே சார்."

"பண்ணிப் பாத்தோம். மிதக்கிற இடத்துல ஒருத்தர் அழுத்தினா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயிடறாங்க. அதோட, ஆறு பேர் அடைஞ்சு கிடக்கிற இடத்துல அந்தத் தொடுகை வேற வம்புகளையும் கொண்டு வருது."

அதற்காகத்தான் அந்தச் சாதனத்தைச் செய்திருந்தார்கள். கப்பலில் ஒரு மெத்தை. படுப்பவரைப் பட்டிகளால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதுகு, தோள், கால் எல்லாவற்றையும் உறைபோல் சுற்றிக்கொள்ளும். அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குமிழ்கள். இங்கே, தரையில், மனித அளவில் ஒரு பொம்மை. தாட்சாயணி பொம்மையின் முதுகில் கட்டைவிரலை இறக்கினால் அங்கே அதே இடத்தில், அதே கனத்தில், அதே சாய்வில் குமிழ்கள் இறங்கும். அங்கே படுத்திருப்பவரின் சூடும் தசையின் இறுக்கமும் மூச்சும் இங்கே பொம்மைக்கு வந்து சேரும். முதல்முறை அதன் முதுகில் கை வைத்தபோது, பக்கத்து அறையில் இன்னொரு மெத்தையில் படுத்திருந்த ஒரு பணியாளரின் மூச்சு உள்ளங்கையில் ஏறி இறங்கியது. அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மெல்ல மறுபடி வைத்தாள்.

"கிட்ட இருக்கிற வரைக்கும் இப்படித்தான், உடனுக்குடன்," என்றார் அருமைநாயகம். "தூரம் போகப் போகத் தாமதமாகும். செவ்வாயை நெருங்கும்போது உங்க விரல் அங்க போய்ச் சேர ஒன்பது நிமிஷம் பிடிக்கும். அவங்க உடம்பு சொல்ற பதில் இங்க வர இன்னொரு ஒன்பது நிமிஷம்."

"அப்ப அது ஷியாட்சு இல்ல சார்."

"ஏன்?"

"அமுக்குறது பாதிதான். மீதி, கேக்குறது. சதை எதுத்து நின்னா விரலும் அங்கனயே நிக்கணும். மூச்சை இழுத்துப் பிடிச்சாங்கன்னா எடுத்துரணும். நான் அமுக்கி முடிச்சு, கை கழுவி, டீ குடிச்ச பெறவு அவங்க 'அம்மா'ன்னு கத்துனது எனக்குக் கேட்டா அதுல என்ன பிரயோசனம்?"

அந்தப் பதிலுக்காகவே அவளை எடுத்துக்கொண்டதாக அவர் பின்னால் சொன்னார். இருவரும் உட்கார்ந்து விதிகள் வகுத்தார்கள். முதலில் அங்கே இருப்பவர் மெத்தையில் சும்மா படுத்திருக்க வேண்டும். அந்த உடம்பு இங்கே வந்து சேர்ந்ததும் தாட்சாயணி தலை முதல் கால் வரை தொட்டுப் பார்ப்பாள். அதன் பிறகுதான் அழுத்தத் தொடங்குவாள். தாமதம் கூடக் கூட அழுத்தத்தின் கனம் குறையும். கழுத்தின் முன்பக்கமும் வயிறும் கிடையாது. எங்காவது வலி என்றால் கப்பலின் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அந்த இடத்தில் கை.

இன்னொரு விதியும் இருந்தது. அதை அருமைநாயகம் தனியாகச் சேர்த்தார். "உங்க தம்பிக்கு நீங்க செய்யக் கூடாது."

தம்பி குகன் அந்த ஆறு பேரில் ஒருவன். கப்பலின் பொறியாளன். அவளைப் பற்றி அருமைநாயகத்திடம் சொன்னவனும் அவன்தான். அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. கல்யாணம், காட்சி எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் அது வேண்டாம் என்றே ஆகிவிட்டது தாட்சாயணிக்கு. அதற்காக அவள் வருத்தப்பட்டதாக யாரும் பார்த்ததில்லை.

குகனுக்குச் செய்யக் கொச்சியிலிருந்து வேறொருவரை வைத்தார்கள். கப்பல் பாதி தூரம் போனபோது அவர் விலகிக்கொண்டார். "கை ஒரு நேரத்துல இருக்கு, உடம்பு ஒரு நேரத்துல இருக்கு. எனக்குத் தலை சுத்துது," என்றாராம். வேறு ஆள் தேட அவகாசமில்லை. அருமைநாயகம் இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தன் விதியைத் தானே தளர்த்தினார்.

முதல் தடவை குகனின் உடம்பு பொம்மைக்குள் வந்தபோது தாட்சாயணிக்கு அழுகை வந்தது. வலது தோள் சற்றே தூக்கியிருந்தது, சின்ன வயதில் பையைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு வந்த வளைவு. அவன் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"அக்கா, நீதானா? தோள்ல கை வச்சதுமே தெரிஞ்சு போச்சு. அந்தக் கொச்சிக்காரரு நல்ல மனுசன்தான். ஆனா அவர் கை அரசாங்க ஆபீஸ் மாதிரி இருக்கும்."

அவன் அதைச் சொல்லிச் சிரித்து முடித்து நெடுநேரமாகியிருந்தது. அவள் இப்போதுதான் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை அவன் முறை வந்தது. தாமதத்துக்கு அவள் மெல்லப் பழகிக்கொண்டாள். பொம்மையின் முதுகில் முன்பு தான் அழுத்தியதன் பதில் வந்துகொண்டிருக்கும்போதே இப்போதைய அழுத்தத்தைக் கொடுப்பாள். கப்பல் செவ்வாயை நெருங்கி அதைச் சுற்றத் தொடங்கியது. இறங்கப்போகும் நால்வரில் குகனும் இருந்தான். இறங்குவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அது நடந்தது.

அன்று காலை பத்து மணிவாக்கில் அவள் பொம்மை அறைக்கு வந்தாள். குகன் ஏற்கெனவே படுத்திருந்தான். அவன் குரல் காத்திருந்தது.

"அக்கா, காய்ச்சல் இல்ல, காயம் இல்ல, மாத்திரை ஒண்ணும் இல்ல. நீ கேக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். இடது கெண்டைக்கால்ல மட்டும் ரெண்டு மூணு நாளா ஒரு பிடிப்பு. மெஹர் டாக்டர்ட்ட காட்டிட்டேன். தசைப்பிடிப்புதானாம். உங்க அக்காவை அமுக்கச் சொல்லுங்கன்னாங்க. இறங்குற வேலைக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் எடுத்து விட்டுரு, அக்கா."

மெஹருன்னிசா கப்பலின் மருத்துவர். வாணியம்பாடிப் பெண். அவளுக்கும் தாட்சாயணி வாரந்தோறும் செய்துவந்தாள். நன்றி சொல்லும்போது குகனைப்போலவே அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

தாட்சாயணி பொம்மையை மேலிருந்து கீழாகத் தொட்டுப் பார்த்தாள். முதுகும் இடுப்பும் வழக்கம்போல். கால்களுக்கு வந்தபோது இரண்டும் மங்கலாகத் தெரிந்தன. எடையில்லாத இடத்தில் கால்கள் மெலிந்துவிடும், உறை அவற்றைச் சரியாகப் பிடிக்காது. எல்லாருக்குமே அப்படித்தான். ஒரு கால் மட்டும் என்கிறானே என்று அவள் மனதில் ஓடியது. டாக்டர் பார்த்துவிட்டாரே என்றும் உடனே ஓடியது. கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குள் அவனுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போய்விடும்.

முதுகில் தொடங்கினாள். தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்து, மூச்சோடு மூச்சாகக் கனத்தை இறக்கினாள். நிதானமாகக் கீழே வந்தாள். பின்தொடை, முழங்காலுக்குப் பின்புறம் தொடாமல் தாண்டி, இடது கெண்டைக்கால். இரண்டு கட்டைவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெல்ல இறக்கி, நிறுத்தி, எடுத்து, ஒரு விரல்கடை கீழே நகர்ந்து, மறுபடி இறக்கினாள்.

அப்போது அவன் குரல் வந்தது. "கால் உறை கழண்டு கெடந்துச்சுக்கா, இப்பதான் பாத்தேன். இறுக்கிட்டேன். இனிமே உனக்கு நல்லாத் தெரியும்."

அவள் விரலுக்கடியில் பொம்மையின் கால் மாறியது. மங்கல் விலகியது. வலது கால் மெலிந்து, குளிர்ந்து, தளர்வாக இருந்தது. இடது கெண்டைக்கால் பருத்திருந்தது. சுட்டது. உள்ளே கயிறுபோல் ஒன்று விறைத்து நின்றது.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

கட்டுப்பாட்டு அறைக்கும் அவளுக்கும் நடுவில் கண்ணாடிதான். அருமைநாயகம் அங்கேதான் இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார், ரத்தம் கட்டியிருக்கு. இடது கால். அதுல அமுக்கிட்டேன் சார்."

அவர் பொம்மையின் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். வலது காலையும் தொட்டார். மறுபடி இடது கால்.

"எவ்வளவு நேரம் அழுத்தினீங்க?"

"ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. நிறுத்துங்க சார். அங்க போகாம நிறுத்துங்க."

"மெத்தை அழுத்தறதை நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுக்கறேன். நீங்க குரல் அனுப்புங்க. இப்பவே."

அவள் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள். "குகா, அக்கா பேசுதேன். மெத்தைய அணைச்சிரு. காலை அசைக்காத, தேய்க்காத. டாக்டரைக் கூப்பிடு. அது பிடிப்பு இல்லல, ரத்தம் கட்டியிருக்கு. கேட்டியா? உடனே கூப்பிடு."

சொல்லி முடித்துவிட்டு அருமைநாயகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ச் சேர்ந்துரும்ல சார்? என் விரலுக்கு முன்னாடி?"

"இல்லம்மா."

"வேற வழியே இல்லையா? வேகமா போற மாதிரி, அவசரத்துக்குன்னு?"

"எல்லாம் ஒளியோட வேகத்துலதாம்மா போகுது. உங்க விரலும் அதே வேகம்தான், குரலும் அதே வேகம்தான். விரல் முன்னாடி கிளம்பிடுச்சு. குரல் அதுக்குப் பின்னாலயேதான் போகும். எட்டிப் பிடிக்காது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் கடல்மேல் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"இன்னும் எதுவும் நடக்கல, இல்ல சார்?" என்றாள்.

"இன்னும் நடக்கல. அங்க இப்ப அவனுக்கு முதுகுலதான் நடந்துக்கிட்டு இருக்கு. கெண்டைக்காலுக்கு வர இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

"அவன் எந்திரிச்சுப் போயிட்டான்னா?"

"போயிட்டான்னா தப்பிச்சான். யாராவது கூப்பிடலாம். மெஹர் அந்தப் பக்கம் வந்து பாக்கலாம். காலைத் தொட்டுப் பாத்து அவனுக்கே சந்தேகம் வரலாம்."

அவள் அதையெல்லாம் வேண்டிக்கொண்டாள். அவனுக்கு ஒன்றுக்கு வரவேண்டும், கேப்டன் கூப்பிடவேண்டும், ஏதாவது இயந்திரம் பழுதாகவேண்டும், அலுப்புத் தட்டவேண்டும். அவள் கை வைத்துக்கொண்டிருக்கும்போது அவன் ஒருநாளும் பாதியில் எழுந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். தன் இரண்டு கட்டைவிரல்களும் அந்த இருட்டில் அவனை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கே மடியில் கிடந்த விரல்களைப் பார்த்தாள். அவற்றை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அவன் குரல் நடுநடுவே வந்துகொண்டிருந்தது. முன்பே பேசியவை.

"தோள்பட்டைக்குக் கீழ, ஆங், அங்கன. அங்கயே கொஞ்சம் இரு, அக்கா." சற்றுப் பொறுத்து, "செவ்வாய் இப்ப ஜன்னல் நெறைய தெரியுது. நம்ம தேரிக்காட்டு மண்ணு மாதிரியே செவப்பு. இறங்குனதும் உனக்கு ஒரு படம் அனுப்புதேன். நீதான் ஒரு படத்தையும் ஒழுங்கா சேமிச்சு வைக்க மாட்ட."

ஏழு நிமிடம் போனதை அருமைநாயகம் சொல்லவில்லை. அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பி உள்பக்கமாக வைத்துக்கொண்டதிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. நடக்கவேண்டியது அங்கே நடந்துவிட்டது. செய்தி வர இன்னும் ஒன்பது நிமிடம். அவன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்விக்கு இப்போது ஒரு பதில் இருந்தது. அது அவளிடம் இல்லை.

அவள் எழுந்து பொம்மையிடம் போனாள். தன் பக்கத்திலிருந்து எதுவும் போகாதபடி சாதனத்தை அணைத்திருந்தார்கள். அங்கிருந்து வருவது மட்டும் வந்துகொண்டிருந்தது. முதுகில் உள்ளங்கையை வைத்தாள். ஏறி இறங்கியது. நிதானமான, தூக்கம் கலந்த மூச்சு.

இன்னொரு கையை இடது கெண்டைக்காலின் மேல் படாமல் படும்படி வைத்தாள். காத்திருந்தாள்.

அது வந்தது. கெண்டைக்காலின் மேல்பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகள் விழுந்தன. வலது குழி சற்று வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது, அவள் வலது கட்டைவிரலைப்போல. மெல்ல இறங்கி, நின்று, எழுந்து, ஒரு விரல்கடை கீழே மறுபடி இறங்கின. தன் கையே தனக்கு வந்து சேர்வதை அவள் உணர்ந்தாள். மூன்றாவது தடவை இறங்கியபோது உள்ளே விறைத்திருந்தது விட்டுக்கொடுத்தது. வலி விலகும்போது தசை இளகுமே, அதுபோலவே இருந்தது.

"அப்பா, எவ்வளவு சொகமா இருக்கு," என்றான் குகன்.

அடுத்த குழிகள் விழவில்லை. அவள் கையெடுத்த இடம் அது. சற்றைக்கெல்லாம் அவளுடைய குரலும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"என்னக்கா?" அவன் குரலில் திகைப்பு. ஒரு பட்டியைக் கழற்றும் சத்தம். "என்னாச்சு? ஏன் இப்பிடி நடுங்குத? எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன். நீ பயப்படாத. இரு, டாக்டரைக் கூப்பிடுதேன். மெஹர்." பிறகு, "அக்கா, நெஞ்சுல என்னமோ."

பொம்மையின் முதுகு ஒருமுறை பெரிதாக ஏறியது. ஏறியது இறங்கவில்லை. பிறகு சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக. மெஹரின் குரல் கேட்டது, ஓடிவருகிற, எதையோ தள்ளுகிற சத்தங்கள் கேட்டன. யாரோ அவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மார்பை அழுத்திப் பார்க்கும் அதிர்வு பொம்மைக்குள் தடதடத்தது. அது நெடுநேரம் தொடர்ந்தது. பிறகு நின்றது.

அருமைநாயகம் சாதனத்தை அணைக்கக் கைநீட்டினார்.

"வேண்டாம் சார்," என்றாள். "சூடு இருக்கு."

அவர் கையை இழுத்துக்கொண்டார். சூடு போகும்வரை அவள் உள்ளங்கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு என்னென்னவோ நடந்தது. நிலையத்தின் தலைவர் வந்து பேசினார். செய்தியாளர்கள் வாசலில் நின்றார்கள். மெத்தையை இனிப் பயன்படுத்துவதில்லை என்று முடிவானது. விசாரணை என்றார்கள். குகனின் உடம்பைக் கப்பலிலேயே குளிர் அறையில் வைத்திருந்தார்கள், திரும்பி வரும்போது கொண்டுவருவார்களாம். மூன்று பேர் மட்டும் இறங்கினார்கள். செவ்வாய் மண்ணில் அவர்கள் நின்ற படத்தைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டியபோது தாட்சாயணி அறையை விட்டு எழுந்து போனாள்.

விடுதியில் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஊருக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தூக்குவதற்குக்கூடக் கட்டைவிரல்களைப் பயன்படுத்தாமல் மற்ற விரல்களால் இடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டறைப் பெண் அதைப் பார்த்துவிட்டு அருமைநாயகத்திடம் சொன்னாள்.

ஒரு பிற்பகலில் அவர் வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"மெஹர்கிட்டேர்ந்து உங்களுக்கு ஒரு குரல் வந்திருக்கு. கேக்கறீங்களா? வேண்டாம்னா வேண்டாம்."

அவள் எழுந்து அவருடன் போனாள்.

மெஹரின் குரல் அடையாளம் தெரியாமல் கம்மியிருந்தது.

"அக்கா, உங்களை அக்கான்னு கூப்பிடலாமான்னுகூடத் தெரியலை. குகன் என்கிட்ட காலைக் காட்டினான். அன்னைக்கு வேற ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாம நான் ரெண்டு நாளா தூங்கல. மேலோட்டமா பாத்தேன். ஸ்கேன் பண்ணல. பிடிப்புதான், அக்காவை அமுக்கச் சொல்லுன்னு நான்தான் சொன்னேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தக் கட்டி தானா பிச்சுக்கிட்டுப் போச்சா, இல்ல அழுத்தினதாலயா? மெத்தையோட பதிவு இங்க தங்காது. அங்கதான் வரும். உங்க கையிலதான் அவன் இருந்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இங்க எல்லாரும் எங்கிட்ட தலைவலின்னு வராங்க, எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் பயமா இருக்கு. திரும்பி வர ரெண்டு வருஷம் இருக்கு அக்கா. உண்மையைச் சொல்லிடுங்க."

குரல் நின்றது. அருமைநாயகம் தொண்டையைச் செருமினார்.

"நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. வேணும்னா நான் பேசறேன்."

"அவங்களைத் தவிர அங்க வேற டாக்டர் உண்டா சார்?"

"இல்ல."

தாட்சாயணி ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பேசத் தொடங்கியபோது குரல் நிதானமாக இருந்தது.

"மெஹர், அக்கான்னே கூப்பிடும்மா. நீ கேட்டதுக்குச் சொல்லுதேன். என் ஒரு கை அவன் முதுகுல இருந்துச்சு, ஒரு கை கால்ல இருந்துச்சு. முதுகுல மூச்சு மாறினது முதல்ல. என் விரல் அவன் கால்ல வந்து விழுந்தது அதுக்குப் பெறவுதான். நான் அமுக்குறதுக்கு முன்னாடியே அது கெளம்பிருச்சும்மா. நீ அமுக்கச் சொன்னதாலயும் இல்ல, நான் அமுக்குனதாலயும் இல்ல. அது தானா வந்துச்சு, தானா போச்சு. நீ அவங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடு. கை நடுங்குனா ரெண்டு தடவை பாத்துட்டுக் கொடு."

ஒலிவாங்கியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"நீ தூங்கியே பல நாளாயிருக்கும். மெத்தையில போய்ப் படுத்துக்கோ. நான் அமுக்க மாட்டேன். கையை மட்டும் வைக்கேன்."

ஒலிவாங்கியை அணைத்தாள். அருமைநாயகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய பதிவுகளை அவர் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தவர். எது முதலில், எது பிறகு என்று அவருக்குத் தெரியும்.

"தாட்சாயணி, விசாரணையில எல்லாம் வெளிய வரும்மா."

"வரட்டும் சார். அவங்க எல்லாரும் பத்திரமா வந்து இறங்கட்டும். அதுக்குப் பெறவு வரட்டும்."

"ரெண்டு வருஷம். அதுவரைக்கும் நீங்க ஒருத்தராவே..."

அவர் முடிப்பதற்குள் அவள் எழுந்து வெளியே போனாள். பொம்மை அறையின் கதவில் பயன்பாட்டுக்குத் தடை என்று காகிதம் ஒட்டியிருந்தது. அவள் அதன்முன் போய் நின்றாள். அருமைநாயகம் சற்றுத் தயங்கிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். கதவைத் திறந்து, சாதனத்தை இயக்கிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பொம்மை குப்புறக் கிடந்தது. அதில் யாரும் இல்லை. அவளுடைய குரல் இன்னும் பாதி வழியில்கூடப் போயிருக்காது. மெஹர் அதைக் கேட்டு, நம்பி, எழுந்து வந்து படுக்கவேண்டும். படுத்த பின் அந்த உடம்பு இவ்வளவு தூரம் திரும்பி வரவேண்டும். படுக்கிற நேரத்தில் கை அங்கே இருக்கவேண்டுமென்றால் இப்போதே வைத்தாகவேண்டும்.

தாட்சாயணி குளிர்ந்த முதுகின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாள். கட்டைவிரல்களை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே வெயில் சாய்ந்து அறைக்குள் நீளமாக விழுந்தது. அவள் தோள்கள் வலித்தன. அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருமைநாயகம் இரண்டுமுறை எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து, உள்ளங்கைக்கடியில் லேசாகச் சூடு ஏறியது. ஒரு முதுகு உருவானது. மெலிந்த, இறுகிய, அவனுடையது இல்லாத முதுகு. அது சற்று நேரம் விக்கி விக்கிக் குலுங்கியது. அவள் கனத்தைக் கூட்டவில்லை, எடுக்கவும் இல்லை. குலுக்கல் மெல்ல மெல்ல அடங்கி, மூச்சு நீளமாகி, தூக்கத்தின் மூச்சானது.

அவள் கைகளை அங்கேயே வைத்திருந்தாள். அதன் பிறகுதான் அழுதாள். அழுகையின் அசைவு அங்கே போய்ச் சேர்ந்து மெஹரை எழுப்பிவிடக் கூடாது என்று, கைகளை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.